காய்ச்சல் விட்ட மூன்றாம் மாதம்

ஐப்பசி கார்த்திகை அடைமழை ஓய்ந்து மார்கழி பிறக்கும்போது கடலூர், சிதம்பரம் பக்கத்து வீடுகளில் ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வரும். “காய்ச்சல் விட்டு ரெண்டு மாசம் ஆச்சு. ரத்த டெஸ்ட்ல எல்லாம் நார்மல்னு எழுதிக் கொடுத்துட்டாங்க. அப்புறம் ஏன் காலையில எந்திரிக்கவே முடியல?” கேட்பவர் பெரும்பாலும் பெண். கேட்டுவிட்டுச் சுற்றி இருப்பவர்களின் முகத்தைப் பார்ப்பார். நம்புகிறார்களா, இல்லை வேலைக்குச் சோம்பல் என்று நினைக்கிறார்களா என்று. இதற்கு ஒரு டீக்குள் பதில் சொல்லி முடியாது. இன்னொரு டீ சொல்லிவிட்டு நிதானமாகப் பேசுவோம்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். வைரஸ் காய்ச்சல் விட்ட பிறகு வலியும் அசதியும் மாதக்கணக்கில் தங்குவது கற்பனை இல்லை, மனப்பிரமை இல்லை. மருத்துவம் இதைப் பல காலமாகப் பார்த்துவருகிறது. ஆஸ்திரேலியாவில் டப்போ என்ற ஊரில் தொற்றுநோய் வந்த 253 பேரை நோய் தொடங்கிய நாளிலிருந்தே பின்தொடர்ந்து பார்த்தார்கள். 2006-ல் முடிவு வெளியானது. அவர்களுக்கு வந்தவை ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத மூன்று நோய்கள். ஒன்று எச்சில் வழியே பரவும் வைரஸ். இன்னொன்று ஆடு மாடுகளிடமிருந்து வரும் பாக்டீரியா. மூன்றாவது கொசுவால் வரும் ராஸ் ரிவர் வைரஸ். இது நம் சிக்குன்குனியாவுக்கு நெருங்கிய சொந்தம். கிருமி வேறுவேறாக இருந்தும் ஆறு மாதம் கழித்து நூற்றுக்குப் பன்னிரண்டு பேர் ஒரே மாதிரி படுத்திருந்தார்கள். தீராத அசதி, உடம்பு வலி, தூங்கி எழுந்தும் தெளியாத தலை. யாருக்கு இது வரும் என்பதை அவர்களின் மனநிலையோ வயதோ காட்டவில்லை. ஆரம்பக் காய்ச்சல் எவ்வளவு கடுமையாக இருந்தது என்பதுதான் காட்டியது. “மனசுல தைரியம் இல்ல, அதான்” என்று சொல்லும் உறவினர்களுக்கு இந்த ஒரு செய்தியை மட்டுமாவது எடுத்துச் சொல்லுங்கள்.

நம் பக்கத்தில் இந்தப் பேச்சு சிக்குன்குனியாவில் தொடங்குகிறது. இந்தியாவில் அது முதலில் தெரிந்தது 1963-ல் கல்கத்தாவில். மறு வருஷமே சென்னை, வேலூர், புதுச்சேரி என்று இறங்கி வந்தது. 1973-க்குப் பிறகு முப்பது வருஷத்துக்கு மேல் ஆளைக் காணோம். 2005 கடைசியில் திரும்பியது. 2006-ல் ஆந்திரம், கர்நாடகம், மகாராஷ்டிரம், தமிழ்நாடு என்று பரவி, அந்த ஒரு வருஷத்தில் நாடு முழுக்கச் சுமார் 13.9 லட்சம் பேருக்கு வந்திருக்கலாம் என்று கணக்கு எழுதினார்கள். அந்த வருஷத்தை நேரில் பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும். நன்றாக நடமாடிக்கொண்டிருந்தவர் ஒரே ராத்திரியில் சுவரைப் பிடித்துக்கொண்டு கொல்லைப்புறம் போனார். காய்ச்சல் நாலைந்து நாளில் இறங்கிவிட்டது. மூட்டு மட்டும் பிடித்த பிடியை விடவில்லை.

மருத்துவர்கள் இந்த நோயை மூன்று கட்டமாகப் பிரித்துப் பார்க்கிறார்கள். முதல் மூன்று வாரம் ஒன்று. மூன்று வாரத்திலிருந்து மூன்று மாதம் வரை இன்னொன்று. மூன்று மாதம் தாண்டினால் நாள்பட்டது. அந்த மூன்றாம் கட்டத்துக்குப் போகிறவர்கள் கால் பங்கிலிருந்து பாதிப் பேர் வரை இருக்கலாம் என்று பல நாட்டு ஆய்வுகள் சொல்கின்றன. ஊருக்கு ஊர் எண்ணிக்கை மாறும். ஆனால் எந்த ஊரிலும் அது சின்ன எண்ணிக்கையாக இல்லை. நாற்பது வயது கடந்தவர்கள், பெண்கள், முன்பே மூட்டு நோய் உள்ளவர்கள், ஆரம்பத்திலேயே வலி கடுமையாக இருந்தவர்கள், இவர்களுக்குத்தான் அதிகம் தங்குகிறது.

ஏன் தங்குகிறது? இந்த வைரஸ் ரத்தத்தில் பொதுவாக ஒரு வாரத்துக்கு மேல் நிற்பதில்லை. ஆனால் ரீயூனியன் தீவில் 2005–06-ல் மூன்றில் ஒரு பங்கு மக்களுக்கு சிக்குன்குனியா வந்தபோது, நோய் வந்து ஒன்றரை வருஷம் ஆன ஒருவரின் மூட்டுச் சவ்வை எடுத்துப் பார்த்தார்கள். அதில் வைரஸின் மிச்சம் இருந்தது. கிருமி உயிரோடு பெருகுகிறது என்று இதற்குப் பொருள் இல்லை. அந்தத் துணுக்குகளைப் பார்த்து உடம்பின் காவல் அணுக்கள் இன்னும் சண்டை போடுகின்றன, அதில் மூட்டு வீங்குகிறது என்பது ஒரு விளக்கம். கிருமி முழுக்கப் போன பிறகும் காவல் வேலை நிற்காமல் ஓடுகிறது என்பது இன்னொரு விளக்கம். இரண்டும் சேர்ந்தே இருக்கலாம்.

இங்கே ஒரு பயத்தைப் போக்கிவிடலாம். மறுபடி வலி எழும்பினால் மறுபடி சிக்குன்குனியா வந்துவிட்டது என்று அர்த்தமில்லை. ஒரு முறை வந்தவருக்கு எதிர்ப்புச் சக்தி நீண்ட காலம், பெரும்பாலும் ஆயுள் முழுக்க நிற்கிறது. ரத்தப் பரிசோதனையில் ‘ஐ.ஜி.எம். பாசிட்டிவ்’ என்று சில மாதம் கழித்தும் வரும். அது பழைய தொற்றின் தடம்தான். அதைப் பார்த்துப் பதறித் திரும்பத் திரும்பப் பரிசோதனைக்குக் காசு கொடுக்க வேண்டாம்.

இந்த வலியின் குணம் காலையில்தான் தெரியும். படுக்கையை விட்டு எழுந்ததும் விரல்கள் மடங்காது, கணுக்கால் ஊன்ற முடியாது. அரை மணி, ஒரு மணி நேரம் போனால் கொஞ்சம் இளகும். பத்து மணிக்கு மேல் பார்க்கிறவர்களுக்கு அவர் நன்றாகத்தான் தெரிவார். சிக்கலே அதில்தான் இருக்கிறது. ஒரு வீட்டில் அம்மாவுக்கு அதிக வேலை இருப்பது காலை ஐந்திலிருந்து எட்டு வரை. உடம்பு ஒத்துழைக்காததும் அதே மூன்று மணி நேரம். வாசல் தெளிக்க ஈரத்தில் நிற்க வேண்டும். கோலமாவைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்து இழை விட வேண்டும். தேங்காய் துருவ வேண்டும், கேஸ் லைட்டரை அழுத்த வேண்டும், பள்ளிக்கூடம் போகிற பெண்ணுக்கு இறுக்கிப் பின்னல் போட வேண்டும், ஈரப் புடவையைப் பிழிய வேண்டும். தன் ஜாக்கெட் கொக்கியையே மாட்ட முடியாமல் பத்து வயது மகளைக் கூப்பிடும் அம்மாக்கள் இருக்கிறார்கள். இந்தியன் டாய்லெட்டில் உட்கார்ந்துவிட்டு எழ முடியாமல், யாரையும் கூப்பிடக் கூச்சப்பட்டு, பக்கெட் விளிம்பைப் பிடித்து எழப் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். டாக்டர் அறையில் இதை யாரும் சொல்வதில்லை. “மூட்டு வலி” என்று இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு வந்துவிடுகிறார்கள்.

வேலைக்குப் போகிறவர்களின் நிலை இன்னும் கடினம். பண்ருட்டி பக்கம் முந்திரி உடைக்கும் பெண்களுக்கு உடைக்கிற அளவுக்குத்தான் கூலி. பிடி நழுவினால் பருப்பும் நொறுங்கும், கூலியும் குறையும். குறிஞ்சிப்பாடியில் குழித்தறியில் உட்காரும் நெசவாளிக்குக் கணுக்கால்தான் தொழில். மிதி போட முடியாவிட்டால் கையில் எவ்வளவு தேர்ச்சி இருந்தும் துணி இறங்காது. தேவனாம்பட்டினத்தில் வலை இழுப்பவருக்கும் பிச்சாவரத்தில் துடுப்புப் போடுபவருக்கும் தோளும் மணிக்கட்டும்தான் முதல். ஒரே வைரஸ், ஒரே அளவு வலி என்றே வைத்துக்கொள்வோம். அது பறித்துக்கொள்ளும் வாழ்க்கை ஆளுக்கு ஆள் வேறு.

சரி, என்ன செய்யலாம்? காய்ச்சலின் முதல் நாட்களில் வலிக்குப் பாராசிட்டமால் மட்டும் போதும். டெங்கு இல்லை என்று உறுதியாகும்வரை ஆஸ்பிரின், புரூஃபன், டைக்ளோஃபினாக் எதுவும் கூடாது. டெங்குவில் ரத்தக் கசிவுக்கு அவை வழி செய்யும், இரண்டு நோயையும் பரப்புவது ஒரே ஏடிஸ் கொசு. நிலவேம்புக் குடிநீரைப் பற்றியும் கேட்பீர்கள். காய்ச்சல் காலத்தில் அரசே முகாம் போட்டுக் கொடுத்தது, குடித்தவர்கள் ஏராளம். குடிப்பதென்றால் சித்த மருத்துவர் சொல்லும் அளவில் குடியுங்கள். ஆனால் மூன்று மாதம் தாண்டியும் வீங்கியிருக்கும் மூட்டுக்கு அதை மட்டும் நம்பி உட்கார்ந்திருக்க வேண்டாம்.

வீக்கம் கண்ணுக்குத் தெரிகிறது, காலைப் பிடிப்பு அரை மணிக்கு மேல் நீடிக்கிறது, மூன்று மாதம் ஆகிவிட்டது. இப்படி இருந்தால் வாத நோய்ப் பிரிவில் காட்டியே ஆக வேண்டும். சிலருக்கு முடக்குவாதம் உள்ளே காத்திருந்து, காய்ச்சலுக்குப் பின் தலைகாட்டியிருக்கலாம். அதற்கு வேறு ரத்தப் பரிசோதனை, வேறு மருந்து. நீண்ட நாள் வீக்கத்துக்கு மெத்தோட்ரெக்சேட் போன்ற மாத்திரைகள் பயன்படுகின்றன. கண்காணிப்பில் சாப்பிட வேண்டியவை அவை. நம் பக்கத்து ஜனங்கள் எப்படியும் புதுச்சேரி ஜிப்மர் ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள்தான். அங்கே இதற்கென்றே இம்யூனாலஜி பிரிவு இருக்கிறது.

ஒரு எச்சரிக்கையைச் சற்று அழுத்திச் சொல்ல வேண்டும். “ஒரு ஊசி போட்டாரு, மறுநாளே எந்திரிச்சு நடந்துட்டேன்” என்று யாராவது சொன்னால், அந்த ஊசியில் ஸ்டீராய்டு இருந்திருக்கலாம். ஸ்டீராய்டு கெட்ட மருந்து இல்லை. தேவைப்பட்டால் நல்ல மருத்துவரும் குறைந்த நாளுக்குக் கொடுத்து, படிப்படியாகக் குறைத்து நிறுத்துவார். பெயர் இல்லாத பொட்டலத்தில் வாங்கி மாதக்கணக்கில் சாப்பிட்டால் சர்க்கரை ஏறும், முகம் ஊதும், எலும்பு தேயும். திடீரென்று நிறுத்தினால் உடம்பு சரிந்துவிடும், உயிருக்கே ஆபத்து வரலாம். அட்டையில் பெயர் இல்லாத மாத்திரை எதுவும் வாயில் போகக் கூடாது.

இனி கொரோனாவுக்கு வருவோம். 2020 மே முதல் வாரத்தில் கோயம்பேடு சந்தையிலிருந்து ஊர் திரும்பிய தொழிலாளர்களால் கடலூர் மாவட்டத்தில் ஒரே நாளில் நூற்றுக்கும் மேற்பட்டவர்களுக்குத் தொற்று உறுதியானது. அந்த மாதத்திலேயே, இதே நோயிலிருந்து எழ முடியாமல் கிடந்த எலிசா பெரேகோ என்ற இத்தாலிய ஆய்வாளர் இப்படித் தீராமல் நீளும் நிலைக்கு ‘லாங் கோவிட்’ என்று பெயர் வைத்தார். பெயர் நோயாளியிடமிருந்து வந்தது, மருத்துவ உலகம் பின்னால் வந்து சேர்ந்தது. 2021 அக்டோபரில் உலக சுகாதார நிறுவனம் வரையறை எழுதியது. தொற்று வந்து மூன்று மாதம் ஆகியும் தொந்தரவு இருக்க வேண்டும், அது இரண்டு மாதமாவது நீடித்திருக்க வேண்டும், வேறு நோயால் விளக்க முடியாததாக இருக்க வேண்டும். நூற்றுக்குச் சுமார் ஆறு பேர் என்பது அவர்களின் மதிப்பீடு.

சிக்குன்குனியா மூட்டைப் பிடிக்கிறது. கொரோனாவின் மிச்சம் எங்கே பிடிக்கும் என்று சொல்ல முடியாது. சிதம்பரத்துக்காரர் ஒருவருக்கு கத்திரிக்காய் கொத்சு தீய்ந்த வாடை அடிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வெங்காயம் வதக்கினால் குமட்டுகிறது, காபி சாக்கடையாக நாறுகிறது. மற்றவர்களுக்கு இது சின்ன விஷயமாகத் தோன்றும். அவர் சாப்பிடுவதை நிறுத்துவார், எடை குறையும், பந்தியில் உட்கார மாட்டார், கல்யாண வீட்டுக்குப் போக மாட்டார். மூக்கின் மேல்கூரையில் சேதமான நரம்பு மெல்ல மெல்ல வளரும்போது இணைப்புகள் தாறுமாறாகிவிடுவதால் வருவது இது. ஜெர்மனியின் தாமஸ் ஹும்மல் 2009-ல் காட்டிய ஒரு பயிற்சி இதற்கு உதவுகிறது. ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, யூகலிப்டஸ் தைலம் நான்கையும் காலையும் மாலையும் சில விநாடிகள் முகர வேண்டும். முகரும்போது அந்த வாசனையை நினைவில் கொண்டுவர முயல வேண்டும். மூன்று மாதமாவது விடாமல் செய்ய வேண்டும். செலவில்லாத வைத்தியம் இது. பக்கவிளைவும் இல்லை.

முடி கொட்டுவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. டெங்கு, கொரோனா எதுவானாலும், கடும் காய்ச்சல் வந்த இரண்டு மூன்று மாதத்தில் கொத்துக் கொத்தாக முடி வரும். காய்ச்சலின் அதிர்ச்சியில் வேர்கள் ஒரேயடியாக ஓய்வுக்குப் போய்விடுவதால் ஆவது. பெரும்பாலும் ஆறு மாதத்தில் தானாக முளைத்துவிடும். விலையுயர்ந்த எண்ணெய் தேவையில்லை.

அதிகம் பேச வேண்டியது அசதியைப் பற்றி. எல்லா அசதியும் ஒன்று இல்லை. இதைப் பிரித்தறியாததால்தான் நிறையப் பேர் மேலும் படுத்துவிடுகிறார்கள்.

மூட்டுப் பிடிப்பால் வரும் தளர்ச்சி அசைத்தால் குறையும். வெந்நீரில் கையை வைத்து விரல்களை மடக்கி நீட்டினால், மெதுவாக நடந்தால், அன்று மாலை முந்தைய நாளைவிட நன்றாக இருக்கும். அவருக்கு உடற்பயிற்சிதான் மருந்து. இன்னொரு வகை அசதி நேர் எதிர். இன்று கொஞ்சம் தெம்பாக இருக்கிறதே என்று வீட்டை ஒட்டடை அடித்து, துணி துவைத்து, கடைக்கும் போய் வருவார். அன்றைக்கு ஒன்றும் ஆகாது. மறுநாளோ அதற்கடுத்த நாளோ ஆள் எழ மாட்டார். தொண்டை வலிக்கும், தலை கனக்கும், பேச்சில் வார்த்தை கிடைக்காது. இப்படி மூன்று நாள், சில சமயம் ஒரு வாரம். வேலைக்கும் சரிவுக்கும் நடுவில் அரை நாளிலிருந்து இரண்டு நாள் வரை இடைவெளி இருப்பதால், எதனால் விழுந்தோம் என்றே அவருக்குப் புரியாது. கடைத்தெருவில் தண்டலுக்குப் பணம் வாங்குகிறவருக்கு வாங்கும் நாளில் கை நிறையத்தான் இருக்கும், கஷ்டம் மறுநாள் வசூலில் தெரியும். இந்த நோயாளி செலவழிக்கும் தெம்பும் அப்படி வாங்கிய கடன்தான்.

இது மனம் சார்ந்தது என்று ஒதுக்க முடியாது. 2024-ல் ஆம்ஸ்டர்டாம் ஆய்வாளர்கள், லாங் கோவிட் உள்ளவர்களை சைக்கிள் மிதிக்கவைத்து, முன்னும் பின்னும் தொடைத் தசையில் துளி எடுத்துப் பார்த்தார்கள். உழைப்புக்குப் பிறகு தசை சேதம் கூடியிருந்தது. அணுக்களுக்குள் சக்தி உண்டாக்கும் உறுப்புகள் சரியாக வேலை செய்யவில்லை. பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டி அமைப்பும், இவ்வகை நாள்பட்ட அசதி நோய்க்கு ‘கொஞ்சம் கொஞ்சமாக உடற்பயிற்சியைக் கூட்டிக்கொண்டே போ’ என்று முன்பு சொல்லிவந்த அறிவுரையை 2021 அக்டோபரில் விலக்கிக்கொண்டது. “எந்திரிச்சு நடந்தாத்தான் சரியாகும்” என்று சொல்லும் அன்பான அண்ணன்களும் மாமாக்களும் இதைக் கேட்டுக்கொள்ள வேண்டும். உங்கள் தங்கைக்கு இருப்பது எந்த அசதி என்று பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

எப்படிப் பார்ப்பது? பழைய நோட்டு ஒன்று போதும். இரண்டு வாரத்துக்கு என்ன வேலை செய்தார், எத்தனை மணிக்கு, மறுநாளும் அடுத்த நாளும் உடம்பு எப்படி இருந்தது என்று எழுதிவர வேண்டும். வேலைக்கு அடுத்த நாள் நல்லது என்று வந்தால் முதல் வகை. வேலைக்குப் பின் சரிவு என்று திரும்பத் திரும்ப வந்தால் இரண்டாம் வகை. இரண்டாம் வகைக்கு வழி, இருக்கும் தெம்பில் ஒரு பங்கை மிச்சம் வைத்தே நிறுத்துவது. குளியலும் சமையலும் ஒரே காலையில் வேண்டாம். காய் நறுக்குவதை ஸ்டூலில் உட்கார்ந்து செய்யலாம். களைப்பு வந்த பிறகு படுக்கக் கூடாது, வருவதற்கு முன்னாலேயே இருபது நிமிஷம் படுக்க வேண்டும். நன்றாக இருக்கும் நாளில் நிறுத்துவதுதான் கஷ்டம். அந்த நாளில்தான் வீட்டில் ஒருவர் பக்கத்தில் இருந்து தடுக்க வேண்டும்.

2021-ல் வாங்கி பீரோவில் போட்ட பல்ஸ் ஆக்சிமீட்டர் பல வீடுகளில் இன்னும் இருக்கும். அதற்கு ஒரு வேலை உண்டு. சிலருக்கு எழுந்து நின்றாலே படபடப்பு, கண் இருட்டல், தலை காலியானது போல இருக்கும். அவர்கள் பத்து நிமிஷம் படுத்திருந்து நாடித்துடிப்பைக் குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு சுவரை ஒட்டி, பக்கத்தில் ஒருவரை வைத்துக்கொண்டு பத்து நிமிஷம் நிற்க வேண்டும். ஒன்று, மூன்று, ஐந்து, பத்தாவது நிமிஷத்தில் எண்ணைப் பார்க்க வேண்டும். பெரியவர்களுக்கு முப்பதோ அதற்கு மேலோ கூடி, அப்படியே நின்றால், ரத்த ஓட்டத்தைச் சமன்செய்யும் நரம்பு ஒழுங்கு குலைந்திருக்கலாம். அந்த எண்களை எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். நாற்காலியில் உட்காரவைத்து மட்டும் பார்க்கும் மருத்துவருக்கு இது தெரியாமலே போய்விடும். தண்ணீரும் உப்பும் கூட்டுவது, இறுக்கமான காலுறை போடுவது என்று வழிகள் உள்ளன. ஆனால் பிரஷரோ சிறுநீரகக் கோளாறோ உள்ளவர்கள் கேட்காமல் உப்பைத் தொடக் கூடாது.

எல்லாவற்றையும் வைரஸின் தலையில் போட்டுவிடுவதும் ஆபத்துதான். தமிழ்நாட்டில் பாதிக்கும் மேற்பட்ட பெண்களுக்கு ரத்தசோகை இருக்கிறது. ஹீமோகுளோபின், தைராய்டு, சர்க்கரை, பி12 இந்த நான்கையும் ஒரு முறை பார்த்துவிட வேண்டும். சாயங்காலம் காய்ச்சல், இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், எடை இறக்கம் என்றால் காசநோய்ப் பரிசோதனை தள்ளிப்போடக் கூடாதது. நெஞ்சுவலி, ஒரு கால் மட்டும் வீங்குவது, மூச்சுத் திணறல் என்றால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. வாழ்ந்து என்ன என்ற எண்ணம் வருகிறது என்று அவர் ஒரு முறை சொன்னாலும் அதுவும் அன்றைக்கே கவனிக்க வேண்டியதுதான்.

இப்போது அந்த ‘எல்லாம் நார்மல்’ என்ற தாளுக்கு வருகிறேன். பரிசோதனைத் தாள் பொய் சொல்லவில்லை. ரத்தத்தில் என்ன இருக்கிறது என்பதை அது சொல்கிறது. ஒரு மனுஷி தன் நாளை எப்படிக் கழிக்கிறாள் என்பது அதனிடம் கேட்கப்படாத கேள்வி. அதைக் கேட்கவும் ஒரு முறை உண்டு. 1991-ல் உலக சுகாதார நிறுவனம் வாழ்க்கைத் தரத்தை அளக்க ஒரு கேள்வித்தாள் தயாரிக்க முனைந்தபோது உலகம் முழுக்கப் பதினைந்து ஊர்களில் வேலை தொடங்கினார்கள். அதில் ஒன்று சென்னை. நம் ஜனங்கள் எதை நல்ல வாழ்க்கை என்று நினைக்கிறார்கள் என்பதும் சேர்ந்துதான் அந்தத் தாள் உருவானது. அதன் சுருக்க வடிவில் 26 கேள்விகள். வலி உங்கள் வேலையைத் தடுக்கிறதா, அன்றாடத்துக்குத் தெம்பு போதுகிறதா, தூக்கம் எப்படி, ஆதரவாக யார் இருக்கிறார்கள், மருந்துக்குக் காசு இருக்கிறதா, போக்குவரத்து வசதி உண்டா என்று உடம்பு, மனம், உறவு, சூழல் நான்கையும் தொட்டுப் போகிறது. தமிழிலும் இருக்கிறது. நிரப்பக் கால் மணி நேரம்கூட ஆகாது.

அந்தத் தாள் கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை. டாக்டரிடம் போவதற்கு முன் ஒரு பக்கம் எழுதிக்கொண்டு போங்கள். காய்ச்சல் எந்த மாதம் வந்தது, முன்பு செய்து இப்போது செய்ய முடியாத வேலைகள் எவை, எந்த நேரத்தில் மோசம், என்னென்ன மாத்திரை சாப்பிட்டீர்கள். “மூட்டு வலிக்குதுங்க” என்பதற்கும் “மூணு மாசமா ஈரத்துணி பிழிய முடியல, ஜாக்கெட் கொக்கி மாட்ட முடியல, காலையில ஒரு மணி நேரம் விரல் மடங்கல” என்பதற்கும் வித்தியாசம் உண்டு. இரண்டாவதைக் கேட்கும் மருத்துவர் வலி மாத்திரையோடு நிறுத்த மாட்டார், கையைப் பிடித்து மூட்டை அழுத்திப் பார்ப்பார்.

வீட்டில் செய்யக்கூடியவை சின்னச் சின்னவைதான். டாய்லெட்டுக்கு நடுவில் திறப்புள்ள கமோடு நாற்காலி ஒன்று. முன்பக்கக் கொக்கிக்குப் பதில் பெரிய பட்டன் அல்லது ஒட்டுப் பட்டை வைத்த ஜாக்கெட். துணி பிழியும் வேலையும் மாவு பிசையும் வேலையும் வீட்டு ஆண்கள் கைக்கு நிரந்தரமாக மாறுவது. உதவி செய்கிறேன் என்று ஒருநாள் செய்துவிட்டு விடுவதில் பயனில்லை. காலை வேலையில் பாதியை முந்தின ராத்திரிக்கே மாற்றிக்கொள்வது. கேட்க எளிது, நடைமுறையில் பல வீடுகளில் இதற்கு ஒரு மாமியாரோ கணவனோ மனம் மாற வேண்டியிருக்கிறது.

நடக்க முடியாதவர் பிசியோதெரபிக்காக ஆஸ்பத்திரிக்கு அலைய வேண்டியதில்லை. 2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை, பிரஷர் மாத்திரை மட்டும் வருகிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். இயன்முறை சிகிச்சையும் வீட்டுக்கே வர அதில் இடமுண்டு. மாத்திரை கொண்டுவரும் பெண்ணிடம் கேளுங்கள், ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் பதியச் சொல்லுங்கள். சிப்காட் தொழிற்சாலைகளில் இ.எஸ்.ஐ. பிடித்தம் ஆகிறவர்களுக்கு, மருத்துவர் சான்று இருந்தால் வருஷத்துக்கு 91 நாள் வரை, சம்பளத்தில் நூற்றுக்கு எழுபது நோய்க்கால உதவியாகக் கிடைக்கும். முந்திரி உடைப்பவருக்கும் மீன்கூடை சுமப்பவருக்கும் அப்படி ஒன்றும் இல்லை. அவர்கள் வலியோடு வேலைக்குப் போகிறார்கள், அல்லது போகாமல் கடன் வாங்குகிறார்கள். மாவட்டத்தில் இந்த நோயால் அதிகம் இழப்பவர்கள் அவர்கள்தான், எந்தக் கணக்கிலும் வராதவர்களும் அவர்கள்தான்.

இதனால் நான் ஒன்று கேட்கிறேன். சிதம்பரத்தில் 1985-ல் தொடங்கிய மருத்துவக் கல்லூரி 2021-ல் அரசின் கைக்கு வந்து, இப்போது கடலூர் மாவட்டத்தின் அரசு மருத்துவக் கல்லூரியாக இருக்கிறது. கடலூரில் மாவட்டத் தலைமை மருத்துவமனை இருக்கிறது. கொசுவையும் அது பரப்பும் நோயையும் 1975 முதல் ஆராயும் மத்திய நிறுவனம் பக்கத்துப் புதுச்சேரியில் இருக்கிறது. இவ்வளவும் சுற்றி இருக்க, காய்ச்சலுக்குப் பின் தேறாதவர்களுக்கென்று இரண்டு ஊரிலும் வாரத்தில் ஒரு மதியம் ஓ.பி. வைக்கலாம். புது இயந்திரம் வேண்டாம். ஒரு பொது மருத்துவர், ஒரு பிசியோதெரபிஸ்ட், அந்த 26 கேள்வித் தாள், மூன்று மாதம் கழித்து அதே தாளை நிரப்பவைத்து ஒப்பிட்டுப் பார்க்க ஒரு பதிவேடு. மழைக்காலம் தொடங்கும் முன் வைத்தால் கார்த்திகையில் காய்ச்சல் வருகிறவர்களுக்கு மார்கழியில் உதவும். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்து மக்கள் குறைதீர் கூட்டத்தில் இதை மனுவாகக் கொடுக்கலாம். பத்துப் பேர் கையெழுத்தோடு, ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் காய்ச்சல் வந்த மாதத்தையும் இன்றுவரை செய்ய முடியாத வேலையையும் எழுதி.